அங்கோ வேகும்வரை அங்கேயே நில்லுங்கோ!

நீங்கள் கடைசியாக எப்போது ஒரு கைப்பிடிப் பயறுக்குப் பக்கத்தில் ஒரு மணி நேரம் சும்மா நின்றீர்கள்?

முறைக்காதீர்கள் சார். லிஃப்டுக்காக நின்றிருக்கிறோம். பேங்கில் டோக்கனுக்காக நின்றிருக்கிறோம். லீவு லெட்டரைக் கையில் வைத்துக்கொண்டு மேனேஜர் அறை வாசலில் மூன்றாவது காலும் முளைக்கிற அளவுக்கு நின்றிருக்கிறோம். பயறுக்காக நின்றதில்லை.

ஜப்பான்காரர்கள் நிற்கிறார்கள். நின்று, அந்தப் பயறை இனிப்பாக்கி, உள்ளங்கை அகலத்தில் இரண்டு பஞ்சுத் தோசை சுட்டு, நடுவில் வைத்து மூடி, 'டொராயாகி' என்று பெயரும் வைத்துவிட்டார்கள். அதை நம் வீட்டுத் தோசைக்கல்லில் செய்வது எப்படி என்பதுதான் இந்தக் கட்டுரை.

"சமையல் குறிப்பா? வீட்டம்மா பக்கம்!" என்று தாளைப் புரட்டப் போகிற இளைஞர்களே, ஒரு நிமிஷம். இந்தக் கதையில் கல் முன்னால் நிற்கிறவனே ஒரு ஆம்பிளைதான். அவனிடம் அப்புறம் வருகிறேன்.

* * *

முதலில் வம்பு.

டொராயாகி என்றதும் எனக்கு ஞாபகம் வருவது என் அக்கா பையன். நாலாம் வகுப்பு. டி.வி.யில் தமிழ் பேசுகிற நீலப் பூனை ரோபோ டோரேமான் அதைத் தின்னத் தின்ன, இவன் நாக்கைச் சப்புக்கொட்டுவான். ஒரு நாள் நேராகவே கேட்டான்.

"மாமா, அது நம்ம ஊர்ல கிடைக்காதா?"

"பெரிய ஹோட்டல்ல கிடைக்கும்டா."

"நீதான் பி.காம். படிச்சிருக்கியே, செய்ய மாட்டியா?"

பி.காம்.முக்கும் டொராயாகிக்கும் என்ன சம்பந்தம் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. ஆனால் வேறு யாரும் என் டிகிரி மேல் இவ்வளவு நம்பிக்கை வைத்ததில்லை. அதற்காகவே இறங்கிவிட்டேன்.

இறங்கினால் ஆயிரம் சுவாரசியம். டோரேமான் சித்திரக்கதை தொடங்கியது 1969 டிசம்பரில். படைத்தவர் ஃபுஜிகோ எஃப். ஃபுஜியோ, 1996-ல் காலமானார். பூனையின் பேரில் உள்ள 'டோரா'வும் பண்டத்தின் பேரில் உள்ள 'டொரா'வும் ஒன்று என்று நினைத்தால் ஏமாந்தீர்கள். பூனையின் பெயர் 'டொரா நெக்கோ', அதாவது ஊர் சுற்றும் தெருப் பூனையிலிருந்து வந்தது. பண்டத்தில் உள்ள டொரா, கோயிலில் அடிப்பார்களே சேகண்டி, அந்த மாதிரி வெண்கலத் தட்டு. 'யாகி' என்றால் சுட்டது. சேகண்டி மாதிரி வட்டமாகச் சுட்டது, டொராயாகி. அவ்வளவுதான்.

இதற்கு ஒரு ராஜா காலத்துக் கதையும் உண்டு. 12-ம் நூற்றாண்டில் பென்கேய் என்று ஒரு சாமியார் வீரன். நம்ம பீமன் மாதிரி ஆகிருதி. எதிரிகளிடமிருந்து தப்பி ஒரு குடியானவன் வீட்டில் ஒளிந்திருந்துவிட்டுப் போகும்போது தன் சேகண்டியை விட்டுவிட்டுப் போனானாம். குடியானவன் அதை அடுப்பில் போட்டு மாவு ஊற்றிச் சுட்டானாம். பிறந்தது டொராயாகி!

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கணக்கு உதைக்கிறது. முட்டையும் சர்க்கரையும் அடித்துப் பஞ்சு மாதிரி சுடுகிற வித்தையை ஜப்பானுக்குக் கொண்டுவந்தவர்கள் போர்த்துக்கீசியர்கள். அவர்கள் அங்கே கரை இறங்கியதே 1543-ல். பென்கேய்க்குக் கிடைத்திருந்தால் வெறும் மாவு அடைதான் கிடைத்திருக்கும்.

இன்று நாம் பார்க்கிற இரண்டு அடுக்கு உருவம் ரொம்பப் புதுசு. டோக்கியோவில் உவேனோ பகுதியில் 1913-ல் தொடங்கிய 'உசாகியா' என்ற கடைதான் 1914 வாக்கில் இதைக் கொண்டுவந்தது என்று சொல்வார்கள். அதற்கு முன் ஒரே தோசை, உள்ளே பூரணம் வைத்து மடிப்பதுதான் வழக்கம். 'உசாகி' என்றால் முயல். நாரா, ஒசாகா பக்கம் போனால் இதே பண்டத்துக்குப் பெயர் 'மிகாசா'. நாராவில் உள்ள ஒரு மலையின் பெயர் அது. கவிழ்த்து வைத்த டொராயாகி மாதிரியே சாதுவான மலை.

* * *

சரி, உள்ளே இருக்கிற பூரணத்துக்கு வருவோம். பெயர் 'அன்' அல்லது 'அங்கோ'. விஷயமே அதுதான்.

சீனாவில் இந்த மாதிரி உருண்டைப் பண்டங்களுக்குள் கொத்துக்கறி வைப்பார்கள். 14-ம் நூற்றாண்டில் அது ஜப்பானுக்கு வந்தபோது ஒரு சிக்கல். புத்த பிக்ஷுக்கள் கறி தொட மாட்டார்கள். கறியை எடுத்துவிட்டுப் பயறை வைத்தார்கள். ஜப்பானிய இனிப்புகள் பலவற்றின் பூர்வீகம் சைவச் சாப்பாடுதான் என்று சொன்னதும் எங்கம்மா காதைத் தீட்டிக்கொண்டாள்.

"என்ன பயறுடா?"

"அட்சுகின்னு ஒண்ணும்மா. குட்டியா, சிவப்பா இருக்கும். நம்ம காராமணிக்கு ஒண்ணுவிட்ட தம்பி."

"வேக வெச்சு, மசிச்சு, வெல்லம் போட்டுக் கிளறணுமா?"

"வெல்லம் இல்லை, சீனி."

"வெல்லம் போட்டா பூரணம், சீனி போட்டா ஜப்பானா?"

பதில் சொல்ல முடியவில்லை. அம்மா சொன்னதில் தப்பும் இல்லை. தாவர சாஸ்திரப்படி அட்சுகியும் காராமணியும் பாசிப்பயறும் உளுந்தும் ஒரே இனம். ஜப்பானிலேயே காராமணிக்கு மரியாதை உண்டு. நல்ல நாளில் அரிசியோடு சிவப்புப் பயறு போட்டுச் சாதம் வடிப்பார்கள். அட்சுகி வேகும்போது வயிறு வெடிக்கும். வயிற்றைக் கிழித்துக்கொண்டு சாவது சாமுராய்களின் வழக்கம் அல்லவா? நல்ல நாளும் அதுவுமாக அந்தச் சகுனம் எதற்கு என்று, டோக்கியோ பக்கத்து சாமுராய் வீடுகளில் சுலபத்தில் வெடிக்காத காராமணியைப் போட்டார்களாம்.

ஆகவே, அட்சுகி கிடைத்தால் அட்சுகி. கிடைக்காவிட்டால் சிவப்புக் காராமணி. வாசனை கொஞ்சம் மாறும். கௌரவம் மாறாது.

இனி அடுப்பைப் பற்ற வையுங்கள். ஆறு டொராயாகிக்கு அளவு சொல்கிறேன்.

பயறு 100 கிராம். கழுவி, நிறையத் தண்ணீர் விட்டுக் கொதிக்க விடுங்கள். அட்சுகியை ஊற வைக்க வேண்டாம். காராமணியானால் முதல் நாள் ராத்திரியே ஊறட்டும். பத்து நிமிஷம் கொதித்ததும் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். தோலில் இருக்கிற துவர்ப்பு அதோடு போய்விடும். 'ஷிபுகிரி' என்று இதற்கு ஒரு பெயரே வைத்திருக்கிறார்கள். துவர்ப்பை வெட்டுவது என்று அர்த்தம்.

புதுத் தண்ணீர் விட்டு, சின்னத் தீயில் வேக விடுங்கள். ஒரு மணி நேரம் பிடிக்கும். தண்ணீர் வற்றிப் பயறு தலை தூக்கினால் இன்னும் கொஞ்சம் ஊற்றி மூழ்கடிக்க வேண்டும். குக்கரில் போட்டு மூணு விசில் விட்டால் என்ன என்பீர்கள். விடலாம். ஆனால் உள்ளே நடப்பது உங்களுக்குத் தெரியாது. திறக்கும்போது பாதி பயறு கூழாகியிருக்கும்.

கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் வைத்து அழுத்தினால், எதிர்ப்பே இல்லாமல் நசுங்க வேண்டும். அதுவரை சர்க்கரையைக் காட்டாதீர்கள். வேகாத பயறில் சர்க்கரை விழுந்தால், அதற்கு மேல் லேசில் வேகாது. காரியம் முடிவதற்கு முன்னால் கையூட்டு கொடுத்த மாதிரி, அப்படியே விறைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடும்.

வெந்ததும் மெதுவாக வடித்து, 90 கிராம் சர்க்கரை போட்டுக் கலந்து, அரை மணி நேரம் மூடி வையுங்கள். இனிப்பு உள்ளே இறங்க வேண்டும். பிறகு அடுப்பில் வைத்து மரக்கரண்டியால் கிளறுங்கள். ஒரு சிட்டிகை உப்பு. கரண்டியால் கோடு இழுத்தால் பாத்திரத்தின் அடி ஒரு விநாடி தெரிந்து மறைய வேண்டும். அப்போது இறக்கிவிடலாம், ஆறினால் இன்னும் இறுகும். பயறு முழுசும் அரையுமாகத் தெரிந்தால் அது 'த்ஸுபுவான்'. தோலை வடிகட்டி வழவழவென்று எடுத்தால் 'கொஷியான்'. நமக்கு முதல் வகை போதும். வேலை குறைவு, பேர் வாயில் நுழையாது, அவ்வளவுதான்.

தோசைக்கு: முட்டை 2, சர்க்கரை 80 கிராம், தேன் ஒரு பெரிய ஸ்பூன். நுரைக்க அடியுங்கள். அரை ஸ்பூன் ஆப்பசோடாவைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து விடுங்கள். மைதா 130 கிராம் சலித்துப் போட்டு, கட்டி இல்லாமல் கலந்து, அரை மணி நேரம் ஓய்வு. பிறகு இரண்டு ஸ்பூன் தண்ணீர் விட்டால், இட்லி மாவை விடத் தளர்வாக, தோசை மாவை விடக் கெட்டியாக வரும்.

நான்-ஸ்டிக் கல் உத்தமம். துளி எண்ணெய் விட்டு, அதையும் துணியால் துடைத்துவிடுங்கள். எண்ணெய் தங்கினால் மேலே புள்ளி புள்ளியாக வந்து, டொராயாகிக்கு அம்மை போட்ட மாதிரி இருக்கும். பழக்க தோஷத்தில் வெட்டின வெங்காயத்தால் மட்டும் கல்லைத் தேய்த்துவிடாதீர்கள்!

சின்னத் தீ. குழிக்கரண்டியால் ஒரே இடத்தில் ஊற்றுங்கள். அது தானாகவே வட்டமாகப் பரவும். தோசை மாதிரி சுழற்றக் கூடாது. மேலே குமிழி வந்து உடையத் தொடங்கியதும் திருப்புங்கள். தேனும் சோடாவும் சேர்ந்து அடிப்பக்கம் தேக்கு மேஜைக்குப் பாலிஷ் போட்ட நிறத்தில் இருக்கும். மறுபக்கம் அரை நிமிஷம் போதும். எடுத்து ஈரத் துணிக்கு அடியில் வையுங்கள். பன்னிரண்டு வட்டம் வரும். இரண்டிரண்டாக ஜோடி சேர்த்து, நடுவில் இரண்டு ஸ்பூன் அங்கோ வைத்து ஓரத்தை லேசாக அழுத்தினால், முடிந்தது கச்சேரி.

அக்கா பையன் இரண்டு தின்றான். மூன்றாவதைக் கையில் வைத்துக்கொண்டு, "டி.வி.ல வர்றதை விடப் பெரிசா இருக்கு மாமா" என்று சர்டிபிகேட் கொடுத்தான். அம்மா முட்டை தொட மாட்டாள். அங்கோவை மட்டும் ஒரு ஸ்பூனில் எடுத்து வாயில் போட்டுக்கொண்டு ஒன்றும் சொல்லாமல் நின்றாள். பிறகு, "பொறுமையா நின்னு கிளறியிருக்கே" என்றாள். உண்மையான சமையலைச் சாப்பிட்டது அவள் ஒருத்திதான்.

* * *

இனி ஒரு சின்ன பாலன்ஸ் ஷீட். படித்த பாவம், விடாது.

ரூபாய்க் கணக்கு வேண்டாம். மாவும் பயறும் மளிகைக் கடையில் கிடைக்கிற சரக்கு. நிமிஷக் கணக்குப் பார்ப்போம். முதல் கொதி 10. வேக 60. சர்க்கரையில் ஊற 30. கிளற 20. மாவு கரைக்க 10. சுட 25. மாவு ஓய்வெடுப்பதை அங்கோ ஊறும் நேரத்தில் கழித்துக்கொள்ளலாம். ஆக மொத்தம் 155 நிமிஷம். ஒரு டொராயாகி தின்ன ஆகும் நேரம், நிதானமாகத் தின்றால், நாலு நிமிஷம்.

எந்த ஆடிட்டரும் கையெழுத்துப் போட மாட்டார். இதில் தொண்ணூறு நிமிஷம் பயறு வேகவும் ஊறவும் மட்டுமே போகிறது. அந்த நேரத்தை மிச்சம் பிடிக்கிறேன் என்று டப்பாவில் அடைத்த அங்கோ வாங்கலாம். ஜப்பானிலேயே விற்கிறார்கள்.

கல் முன்னால் நிற்கிற ஆம்பிளை என்றேனே, அவனும் அப்படித்தான் வாங்குகிறான்.

2015-ல் 'அன்' என்று ஒரு ஜப்பானியப் படம் வந்தது. இயக்கியவர் நவோமி கவாசே. துரியன் சுகேகாவா என்ற எழுத்தாளரின் 2013 நாவல்தான் கதை. சென்தாரோ என்று ஒருவன் சின்ன டொராயாகிக் கடை நடத்துகிறான். நடத்துகிறான் என்பது மரியாதைக்குச் சொல்வது. கடன் அடைக்க நின்றுகொண்டிருக்கிறான். காலையில் ஷட்டரைத் தூக்கு, டப்பாவைத் திற, சுடு, விற்று, ஷட்டரை இறக்கு. இந்த முகத்தை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று தோன்றுகிறதா? திங்கட்கிழமை காலை ஒன்பது மணி மின்சார ரயிலில் ஏறிப் பாருங்கள், பெட்டி முழுக்க அவன்தான்.

அந்தக் கடைக்கு எழுபது தாண்டிய பாட்டி ஒருத்தி வேலை கேட்டு வருகிறாள். பெயர் தொகுவே. குறைந்த சம்பளம் போதும் என்கிறாள். விரல்கள் மடங்கிக் கோணிக்கொண்டிருக்கின்றன. வேண்டாம் என்று அனுப்புகிறான். அவள் தான் செய்த அங்கோவை ஒரு டப்பாவில் கொண்டுவந்து கொடுக்கிறாள். குப்பையில் போட்டுவிட்டு, மனசு கேட்காமல் எடுத்து நக்கிப் பார்க்கிறான். மறுநாளே வேலை!

விடியும் முன்னே வந்துவிடுவாள். பயறு வேகும் பாத்திரத்தின் மேல் முகத்தைக் குனிந்து அதன் ஆவியைப் பார்ப்பாள். எங்கேயோ ஒரு வயலிலிருந்து இவ்வளவு தூரம் வந்த விருந்தாளி மாதிரி அதை நடத்துவாள். அவசரப்படுத்த மாட்டாள். கடைக்கு முன்னால் க்யூ நிற்கிறது.

பிறகு ஒரு வதந்தி வருகிறது. அந்தப் பாட்டி தொழுநோயாளிகள் இல்லத்திலிருந்து வருகிறாளாம். க்யூ காணாமல் போகிறது.

நோய் அவளுக்கு எப்போதோ குணமாகிவிட்டது. விரல்கள்தான் அந்த நாளின் மிச்சம். ஆனால் சின்னப் பெண்ணாக உள்ளே போனவளை வெளியே விடவில்லை. குழந்தை பெற்றுக்கொள்ளவும் விடவில்லை. அந்த மதில் சுவருக்குள் இருந்துதான் அவள் அங்கோ கிளறப் பழகினாள்.

இது சினிமாவுக்காகப் பண்ணின கதை இல்லை சார். ஜப்பானில் தொழுநோயாளிகளை ஒதுக்கி வைக்கும் சட்டம் 1907-ல் வந்தது. 1940-களில் மருந்து வந்துவிட்டது. சட்டம் போகவில்லை. 1953-ல் புதுச் சட்டை போட்டுக்கொண்டு மறுபடி வந்தது. ஒழிந்தது 1996-ல். அதாவது, இங்கே 'இந்தியன்' படம் ரிலீசான வருஷம்! பலர் உள்ளே போகும்போது குடும்பத்துக்கு அவமானம் வரக் கூடாது என்று பெயரையே மாற்றிக்கொண்டார்கள். 2001-ல் குமாமோதோ கோர்ட் அரசாங்கத்தின் மேல்தான் தப்பு என்று தீர்ப்பளித்தது. அப்பீல் போகாமல் அரசாங்கமும் தலை குனிந்தது.

ஜப்பானைப் பற்றி 'உச்' கொட்டுவதற்கு முன் நம் வீட்டையும் பார்த்துக்கொள்வோம். தொழுநோய் இருந்தால் அதைக் காரணம் காட்டி விவாகரத்து வாங்கலாம் என்ற வரி நம் திருமணச் சட்டத்திலும் இருந்தது. அதை எடுத்தது 2019-ல்தான். மாத்திரை சாப்பிட்டால் குணமாகிற நோய்க்கு!

தொகுவே வேடத்தில் நடித்தவர் கிரின் கிகி. 2018-ல் காலமானார். அந்தப் படத்தில் அவர் பயறைக் குனிந்து பார்க்கிற பார்வையைப் பார்த்த பிறகு, 155 நிமிஷக் கணக்கை நான் திருத்தி எழுதினேன். வேக ஆன அறுபதையும் ஊற ஆன முப்பதையும் செலவுப் பக்கத்திலிருந்து எடுத்துவிட்டேன். வாழ்நாள் முழுவதையும் பறித்துக்கொண்ட ஊருக்கு, அவள் தன் நேரத்தையே அள்ளிக் கொடுத்தாள். அதைச் செலவு என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

* * *

கடைசியாக ஒரு தொழில் ரகசியம். டொராயாகி சுட்ட அன்றைக்கு விட மறுநாள் ருசி. ஒவ்வொன்றையும் காற்றுப் புகாமல் சுற்றி வைத்தால், அங்கோவின் ஈரம் தோசைக்குள் இறங்கி, ராத்திரியோடு ராத்திரியாக இரண்டும் ஒட்டி உறவாகிவிடும். அதனால் ஞாயிற்றுக்கிழமை செய்யுங்கள். திங்கட்கிழமை டிபன் பாக்ஸில் இரண்டு எடுத்துக்கொண்டு ஆபீஸ் போங்கள்.

ஒன்று உங்களுக்கு.

எல்லா ஆபீசிலும் மத்தியானம் ஒரு மேஜையில் தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிற ஒருத்தர் இருப்பார். ஏன் தனியாக உட்காருகிறார் என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. யாரோ எப்போதோ என்னவோ சொன்னார்களாம். இரண்டாவது டொராயாகி அவருக்கு. கொடுத்துவிட்டு ஓடி வந்துவிடாதீர்கள்.

தின்ன நாலு நிமிஷம்தானே ஆகும்? பக்கத்திலேயே உட்கார்ந்திருங்கள்.